வாரியம் என்னும் சொல்: உத்திரமேரூர்க் கல்வெட்டும் பெங்களூரு மாநகராட்சியும்

முன்னுரை

தமிழர்தம் உள்ளாட்சி மரபினைப் பேசப் புகுவோர் தவறாது காட்டும் சான்று உத்திரமேரூர்க் கல்வெட்டு. பள்ளிப் பாடநூல் தொடங்கி முனைவர் பட்ட ஆய்வேடு வரை அதற்கு இடமுண்டு. 2020 டிசம்பர் 10 அன்று புதுதில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது தலைமை அமைச்சர் ஆற்றிய உரையிலும் அக்கல்வெட்டு இடம்பெற்றது. அதே மாதத்தில் பெங்களூருவில் நிகழ்ந்தவை அந்த அளவிற்கு நம் கவனத்தைப் பெறவில்லை. டிசம்பர் 4 அன்று, மன்றத்தின் பதவிக்காலம் முடிந்துவிட்ட பெங்களூரு மாநகராட்சிக்குத் தேர்தல் நடத்துமாறு கர்நாடக உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. டிசம்பர் 18 அன்று உச்சநீதிமன்றம் அவ்வாணையை நிறுத்திவைத்தது. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட ஒரு நாளில்தான் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓர் ஊர்ச்சபையின் தேர்தல்முறை தில்லியில் பாராட்டப்பெற்றது.

இவ்வுடன்நிகழ்வு தற்செயலானதே. எனினும் அது எழுப்பும் வினா ஆய்வாளர்க்குரியது. உத்திரமேரூரைக் குறித்து எழுதியும் பேசியும் வந்த நாம் அக்கல்வெட்டின் எப்பகுதியைப் படித்தோம், எப்பகுதியைப் படியாது விட்டோம் என்பதே அவ்வினா. வாரியம் என்னும் ஒரு சொல்லின் பொருள்மாற்றத்தைத் தொடர்ந்து சென்று அதற்கு விடைகாண இக்கட்டுரை முயல்கிறது. பெங்களூரு மாநகராட்சியின் வரலாறு இதற்கு உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது.

பெங்களூருவைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகள் அந்நகரின் நிலப்பரப்பில் தமிழ் ஆவணமொழியாக வழங்கியமைக்குச் சான்று. அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் முதலிய பகுதிகளில் இன்றும் தமிழர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். ஆகவே அந்நகரின் உள்ளாட்சி தமிழாய்வுக்குப் புறம்பான பொருளன்று.

கல்வெட்டும் அதன் வாசிப்பும்

முதற் பராந்தக சோழனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபை செய்த இரண்டு தீர்மானங்களே இக்கல்வெட்டுகள். இந்தியத் தொல்லியல் துறையின் 1904–05-ஆம் ஆண்டறிக்கையில் வெங்கையா இவற்றை வெளியிட்டார். பின்னர் நீலகண்ட சாஸ்திரியார் சோழர் ஆட்சிமுறை குறித்த தம் ஆய்வுகளில் இவற்றை விரிவாக ஆராய்ந்தார். சோழர்கால ஊர்ச்சபைகளின் தன்னாட்சியை அவர் உயர்வாக மதிப்பிட்டார். பர்ட்டன் ஸ்டைன் 1980-இல் வெளியிட்ட நூலில் சோழ அரசின் இயல்பு குறித்த அம்மதிப்பீட்டை மறுத்தார். நொபொரு கராஷிமா கல்வெட்டுகளைத் தொகுத்து எண்ணி ஆராயும் முறையால் நிலவுடைமை பற்றிய தெளிவைத் தந்தார்.

இவ்வாய்வு விவாதங்கள் பொதுமேடைக்கு வந்து சேரவில்லை. அங்கு நிலைபெற்றது குடத்தின் காட்சி மட்டுமே. பெயர் எழுதிய ஓலைகளைக் குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இடுதல், அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தல், நடுவர் தம் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் அதனை ஏற்றல் ஆகிய இவை கண்முன் நிற்கும் காட்சிகள். ஆதலால் அவை நினைவில் தங்கின. ஆனால் கல்வெட்டின் பெரும்பகுதி குடத்தைப் பற்றியதன்று. எவர் குடத்தில் இடம்பெறலாகாது, பதவி எத்துணை நாள், கணக்குக் காட்டாதவர்க்கு என்ன நேரும், அடுத்த தேர்வுக்குச் சபையைக் கூட்டுவோர் யாவர் என்பனவே அதில் மிகுதியாகப் பேசப்படுகின்றன. சுருங்கக் கூறின் இது தேர்தலைப் பற்றிய ஆவணம் என்பதினும் பதவிக்காலத்தைப் பற்றிய ஆவணம் என்பதே பொருந்தும்.

வாரியம்: கல்வெட்டுப் பொருள்

முப்பது குடும்பிலும் குடும்புக்கு ஒருவராக முப்பதின்மர் தெரிவு செய்யப்பட்டனர். அவர்களுள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் உரியராயினர். பஞ்சவார வாரியம், பொன் வாரியம் ஆகியவற்றிற்கும் குடவோலை வழியே ஆளெடுக்கப்பட்டது. இவ்வமைப்பில் வாரியம் என்பதற்குரிய பொருட்கூறுகள் நான்கு.

முதலாவது, வாரியம் சபையினின்று பிறப்பது. இரண்டாவது, அது 360 நாள் நிரம்பியதும் விலகுவது. கடந்த மூன்றாண்டுகளுள் வாரியம் செய்தவர் மீண்டும் குடத்தில் இடம்பெற இயலாது. மூன்றாவது, அது கணக்கிற்குக் கட்டுப்பட்டது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். நான்காவது, வாரியத்தாருள் ஒருவர்மீது குற்றம் காணப்படின் அவர் அப்போதே நீக்கப்படுவார்.

ஏரியைப் பேணுவதும் பொன்னை நிறுப்பதும் இன்றைய வழக்கில் தொழில்நுட்பப் பணிகள். அப்பணிகளையும் சபை தன் கையிலேயே வைத்திருந்தது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

வாரியம்: இன்றைய பொருள்

இன்று தமிழில் வாரியம் என்றவுடன் நினைவிற்கு வருபவை மின்சார வாரியம், குடிநீர் வாரியம், வீட்டுவசதி வாரியம் என்பன. இவை சட்டத்தால் தோன்றியவை. அரசு அமர்த்தும் தலைவரையும் அலுவலரையும் உடையவை. இவற்றின் உறுப்பினரை ஊர்மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. இவை மக்கள் மன்றத்திற்குக் கணக்குக் காட்டுவதும் இல்லை. பழஞ்சொல் மீட்டெடுக்கப்பட்டது என நாம் மகிழ்கிறோம். ஆனால் மேலே கூறிய நான்கு பொருட்கூறுகளுள் ஒன்றும் அதனுடன் வரவில்லை. சபையினின்று பிறந்ததைக் குறித்த சொல், இன்று சபையினிடமிருந்து எடுத்துக்கொண்டதைக் குறிக்கிறது.

இது வெறும் சொல்விளையாட்டன்று என்பதற்குப் பெங்களூருவே சான்று. அந்நகருக்கு 1862-இல் நகராட்சி அமைந்தது. நகரமும் பாளையமும் இரு நகராட்சிகளாக இருந்து 1949-இல் ஒரே மாநகராட்சியாயின. ஆனால் அதற்கு முன்னரே, 1945-இல், நகர விரிவாக்கப் பணிக்கெனத் தனியானதொரு மேம்பாட்டு வாரியம் தோன்றியிருந்தது. அதன் இடத்தை 1976-இல் பெங்களூரு வளர்ச்சி ஆணையம் பெற்றது. 1964-இல் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்திற்குரியவாயின. கன்னடத்தில் மண்டளி எனப்படும் அவ்வமைப்பைத் தமிழ் நாளேடுகள் குடிநீர் வாரியம் என்றே எழுதுகின்றன. பேருந்து, மின்வழங்கல் ஆகியனவும் அரசு நிறுவனங்களின் பொறுப்பில் உள்ளன. ஏரிகளுக்கென 2002-இல் ஏரி வளர்ச்சி ஆணையம் ஒன்று நிறுவப்பட்டது.

ஏரியையே எடுத்துக்கொள்வோம். ஏரிகளால் வாழ்ந்த நகரம் பெங்களூரு. அதன் ஏரிகள் மாநகராட்சி, வளர்ச்சி ஆணையம், வனத்துறை எனப் பலவற்றின் பொறுப்பிற் சிதறின. ஏரியிற் கலக்கும் கழிவுநீரோ குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கியதும், 2017 பிப்ரவரியில் அவ்வேரிப் பரப்பில் தீப்பற்றிப் புகை எழுந்ததும் நாடறிந்த செய்திகள். அப்போது மாநகராட்சிக்கு மன்றம் இருந்தது. அப்பகுதிக்கு உறுப்பினரும் இருந்தார். ஆனால் ஏரி வளர்ச்சி ஆணையத்தின் பொறுப்பில் இருந்தது. மக்கள் முதலில் வினவியது தாம் தேர்ந்தெடுத்தவரை. விடைகூறும் அதிகாரமோ அவரிடம் இல்லை. ஏரி வாரியத்தார் அறுவரை உத்திரமேரூரார் பெயர் சொல்லிக் கேட்டிருக்க இயலும். பெல்லந்தூரில் அவ்வாறு கேட்கத்தக்க ஒருவர் இல்லை.

மன்றம் இல்லாத ஆண்டுகள்

பணிகள் பிரிந்தமை ஒருபுறம் இருக்க, மன்றமே இல்லாதிருந்த காலமும் சிறிதன்று. 2006 நவம்பரில் மாநகராட்சி மன்றம் முடிவுற்றது. 2007 சனவரியில் சுற்றியிருந்த ஏழு நகரசபைகள், ஒரு பட்டணசபை, 110 சிற்றூர்கள் ஆகியவற்றை இணைத்துப் பெருநகர பெங்களூரு மாநகராட்சி உருவாக்கப்பட்டது. அதற்குரிய முதல் தேர்தல் 2010 மார்ச்சில்தான் நடைபெற்றது. 198 வார்டுகளுக்கு உறுப்பினர் வந்தனர். 2015 ஏப்ரலில் அம்மன்றம் முடிந்து, ஆகஸ்டில் மறுதேர்தல் நடந்தது. அம்மன்றத்தின் காலம் 2020 செப்டம்பர் 10 அன்று நிறைவுற்றது.

அதன்பின் நிகழ்ந்ததே இக்கட்டுரையின் மையம். உயர்நீதிமன்ற ஆணை நிறுத்திவைக்கப்பட்டதும், 2020-ஆம் ஆண்டின் புதிய மாநகராட்சிச் சட்டத்தின்படி வார்டுகளைக் கூட்டும் பணி நடைபெற்றது. 2022-இல் 243 வார்டுகள் என எல்லை வகுக்கப்பட்டது. 2023-இல் அது 225 என மாற்றப்பட்டது. பின்னர் மாநகராட்சியையே பிரிப்பதற்கான சட்டம் வந்தது. 2025 மே 15 அன்று அச்சட்டம் நடைமுறைக்கு வந்து, செப்டம்பர் 2 அன்று மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐந்து மாநகராட்சிகள் தோன்றின. அவற்றின் மேல் முதலமைச்சர் தலைமையில் பெருநகர பெங்களூரு ஆணையம் அமைக்கப்பட்டது.

2020 செப்டம்பர் 10 முதல் 2025 செப்டம்பர் 2 வரை எண்ணினால், ஐந்தாண்டிற்கு எட்டு நாளே குறைவு. அதாவது ஒரு மன்றத்தின் முழுப் பதவிக்காலம் மன்றமின்றியே கழிந்து, அம்மாநகராட்சியும் இல்லாதொழிந்தது. 2006 நவம்பரிலிருந்து 2025 செப்டம்பர் வரையிலான ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தவை பத்து ஆண்டுகளே. எஞ்சிய காலத்தில் அரசு அமர்த்திய நிர்வாக அதிகாரியே மன்றத்தின் இடத்தில் இருந்தார்.

இதன் விளைவு யாரைச் சாரும்? 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநகராட்சி எல்லைக்குள் 84 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். 198 வார்டுகளுக்குப் பகுத்தால் ஓர் உறுப்பினர்க்கு ஏறத்தாழ 42,600 பேர். வசதியுடையார்க்கு அலுவலரை அணுகப் பல வழிகள் உண்டு. குடிசைப்பகுதியில் வாழ்வோர்க்கும், அலுவல்மொழியில் விண்ணப்பம் எழுத இயலாத தமிழ்த் தொழிலாளர்க்கும் வாய்த்த எளிய வழி, அவர்கள் கார்ப்பரேட்டர் என வழங்கும் வார்டு உறுப்பினரே. தெருக்குழாய், சாக்கடை, இறப்புச் சான்று, சொத்துப் பதிவு என எதுவாயினும் அவர் வீட்டு வாயிலில் நின்று தம் மொழியிலேயே முறையிடலாம். செய்யாவிடின் அடுத்த தேர்தலில் அவரை மாற்றலாம். பொறுப்பு அலுவலரை அவ்வாறு மாற்ற இயலாது. 2015-ஆம் ஆண்டுத் தேர்தலில் இடங்களுள் ஏறத்தாழப் பாதி மகளிர்க்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மன்றம் இல்லாதபோது அப்பாதியும் இல்லாமற் போயிற்று.

கூட்டும் கடமை யாருடையது?

அரசியலமைப்பின் 74-ஆம் திருத்தம் 1993 சூன் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நகராட்சியின் காலம் ஐந்தாண்டு எனவும், அது முடியுமுன் தேர்தல் நடத்தப்பெற வேண்டும் எனவும், இடையில் கலைக்கப்பட்டால் ஆறு திங்களுக்குள் தேர்தல் வேண்டும் எனவும் அதன் 243-உ பிரிவு விதிக்கிறது. அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான வழக்கில் 2006-இல் உச்சநீதிமன்றம் இவ்விதியின் கட்டாயத்தன்மையை வலியுறுத்தியது. விதி தெளிவு, ஆயினும் அது நழுவியது. எவ்வாறு?

விடை விதியின் வேறொரு பகுதியில் உள்ளது. தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். ஆனால் வார்டு எல்லையை வகுப்பதும் இடஒதுக்கீட்டை அறிவிப்பதும் கர்நாடகத்தில் மாநில அரசின் கையில் இருந்தன. இவை முடியாமல் ஆணையம் தேர்தலை அறிவிக்க இயலாது என்னும் நிலை தோன்றியது. எல்லை ஒருமுறை வகுக்கப்படும்; மாற்றப்படும்; மீண்டும் வகுக்கப்படும். அவ்வளவு காலமும் தேர்தல் காத்திருக்கும். பெங்களூருவில் ஆட்சியிலிருந்த கட்சி மாறிய பின்னரும் இந்நிலை மாறவில்லை என்பதனால், இதனை ஒரு கட்சியின் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. மாநகர் முழுவதற்கும் பேசவல்ல மன்றம் ஒன்று தன் தலைநகரில் இருப்பதை எந்த மாநில அரசும் விரைந்து விரும்புவதில்லை என்பதே இதனாற் பெறப்படும் கருத்து.

இங்குக் கல்வெட்டின் படிக்கப்படாத பகுதி பயன்படுகிறது. ஒரு வாரியத்தார் விலகியபின் அடுத்தவரைத் தேர்வதற்குச் சபையைக் கூட்ட வேண்டியவர்கள், ஊரின் பன்னிரு சேரியிலும் அறநெறி காக்கும் வாரியத்தார். அவர்கள் நடுவரின் துணைகொண்டு கூட்டுவர். இம்முறை வகுக்கப்பட்டபோது அரசனின் அலுவலர் ஊரில் உடனிருந்தார் என்பதையும் கல்வெட்டே கூறுகிறது. ஆகவே அரசின் கை படாத தன்னாட்சி எனக் கொண்டாடுவது மிகை. ஆனால் அவ்வலுவலர் முறையை வகுக்க உடனிருந்தார். வாரியத்தின் இருக்கையில் அமரவில்லை. அடுத்த ஆண்டுக்குரிய கூட்டம் அரசனின் ஆணைக்குக் காத்திருக்கவும் இல்லை. கூட்டும் கடமை ஊரினுள்ளேயே வைக்கப்பட்டிருந்தது. பெங்களூருவில் இல்லாதுபோனது இதுவே.

வார்டு உறுப்பினர்கள் ஊழல் செய்தனர். அவர்கள் இன்றியே நகரம் நடந்தது. ஆகவே இழப்பு பெரிதன்று என்பாரும் உளர். அக்குற்றச்சாட்டைப் பொய் எனத் தள்ளிவிட இயலாது. உறுப்பினர் ஆண்டுதோறும் தம் சொத்து விவரத்தை அளிக்க வேண்டும் என 1976-ஆம் ஆண்டுச் சட்டமே விதித்திருந்தது. உறுப்பினர்மீதான ஐயம் புதியதன்று என்பதற்கு அவ்விதியே சான்று. உத்திரமேரூராரும் இவ்வையத்தை அறிந்தவரே. திருடியோரையும் கையூட்டுப் பெற்றோரையும் கணக்குக் காட்டாதோரையும் ஒதுக்கும் விதிகளை அவர்கள் நிரல்படக் கல்லில் வெட்டியது, அக்குற்றங்கள் நிகழ்ந்தமையாலேயே ஆகும். ஆனால் குற்றம் கண்டவிடத்து அவர்கள் ஆளை நீக்கினர், வாரியத்தை நீக்கவில்லை.

மேயரின் பதவிக்காலம் குறித்த விவாதத்தையும் இவ்வாறே நோக்கலாம். பெங்களூரு மேயரின் காலம் நெடுநாள் ஓராண்டாக இருந்தது. அது போதாது எனக் குறைகூறப்பட்டது. வாரியத்தின் காலமும் ஓராண்டே. ஆனால் அவ்வோராண்டு கணக்கு, மூன்றாண்டு இடைவெளி, உடனடி நீக்கம் ஆகிய மூன்றோடும் பிணைந்தது. பிணைப்பின்றிக் காலத்தை மட்டும் குறைத்தால் அது கட்சிக்குள் பதவியைப் பகிர்ந்தளிக்கவே பயன்படும்.

பெருமிதத்தின் எல்லை

இதுவரை கூறியதனால் உத்திரமேரூரை இன்றைய நகருக்கு முன்மாதிரியாகக் கொள்ள வேண்டும் என்பது கருத்தன்று. அது பிரமதேயம். வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும், 35 முதல் 70 வரையிலான அகவையும் உடையவரே குடத்தில் இடம்பெற்றனர். உழுதோர்க்கும் பெண்டிர்க்கும் அங்கு இடமில்லை. அல்சூரின் தூய்மைப் பணியாளரோ ஸ்ரீராமபுரத்தின் ஆலைத் தொழிலாளரோ உத்திரமேரூரில் வாழ்ந்திருப்பின் அவர்தம் பெயர் ஓலையில் ஏறியிராது. யார் என்னும் வினாவிற்கு 74-ஆம் திருத்தம் தந்த விடை கல்வெட்டின் விடையினும் பன்மடங்கு உயர்ந்தது. எப்போது என்னும் வினாவிற்குக் கல்வெட்டு தந்த விடை நம் நடைமுறையினும் உறுதியானது. இவ்விரண்டையும் பிரித்தறியாது மக்களாட்சி என்னும் ஒரே சொல்லால் போர்த்துவதே நம் எழுத்துகளின் குறைபாடு.

இக்குறையைக் கன்னட நாட்டின்மீது ஏற்றிவிட்டுத் தமிழகம் தப்புதற்கும் இயலாது. 1688-இல் தோன்றிய சென்னை மாநகராட்சியின் மன்றம் 1973-இல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல்தான் வந்தது. மீண்டும் 2016-இல் முடிந்த மன்றத்திற்குப் பின் 2022 பிப்ரவரி வரை உறுப்பினர் இல்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பாடநூலில் படித்து வளர்ந்த ஒரு தலைமுறை, தன் தலைநகரில் மன்றத் தேர்தல் ஒன்றைக் காணாமலே வாக்குரிமை அகவையை எட்டிக் கடந்தது. கல்வெட்டைப் புகழ்வதற்கும் தேர்தலை நடத்தாதிருப்பதற்கும் இடையே முரண் இருப்பதாக எவர்க்கும் தோன்றாதவாறு அதனைக் கற்பித்திருக்கிறோம் என்பதே இதன் பொருள்.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படுவன மூன்று. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலை முறையின் சான்றாக மட்டும் கொள்வது பகுதி வாசிப்பே. பதவிக்கால எல்லை, கணக்கு, கூட்டும் கடமை ஆகியன அவற்றின் உட்கிடை. வாரியம் என்னும் சொல் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவைக் குறிப்பதினின்று அரசு அமர்த்தும் நிறுவனத்தைக் குறிப்பதாக மாறியமை, நகர்மன்றங்கள் தம் பணிகளை இழந்த வரலாற்றோடு இணைத்துப் படிக்கத்தக்கது. பெங்களூருவில் 2020 முதல் 2025 வரை நேர்ந்த வெற்றிடம், எல்லை வகுக்கும் உரிமையும் தேர்தலுக்கு வழிவிடும் உரிமையும் மேலுள்ள அரசிடமே தங்கியதன் விளைவு.

தமிழ்த்துறைகள் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. இக்கல்வெட்டைப் பாடமாக வைக்குமிடத்துக் குடத்தின் பகுதியோடு நிறுத்தாது, விலக்கு விதிகளையும் கணக்கு விதிகளையும் முழுமையாக வைத்தல் வேண்டும். அவற்றின் அருகே 243-உ பிரிவின் தமிழாக்கத்தையும் வைத்து மாணவரை ஒப்பிடச் செய்தல் வேண்டும். தம் ஊர் மன்றத்தின் காலம் எந்நாளில் முடிகிறது என்பதனை அம்மாணவர் அறிந்துவைத்திருப்பாராயின், அதுவே அக்கல்வெட்டைக் கற்றதன் பயனாகும்.